பூசுவதென்றால் இரும்புக்குப் பூசுங்கள்

தமிழில் 'ஈயம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போல ஆளை ஏமாற்றுகிற சொல்லை நான் பார்த்ததில்லை.

அம்மா ரசம் வைத்தது ஈயச்சொம்பில். அந்த ஈயம் வெள்ளீயம். தெருவில் துருத்தியோடு வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாரே, நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று வருமே, அதுவும் வெள்ளீயம்தான். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் நாம் போட்ட ஈயமோ பெரும்பாலும் நசுங்கிப்போன அலுமினியச் சட்டி. பள்ளிக்கூடத்தில் பென்சிலுக்குள் இருப்பது காரீயம் என்றார்கள். அதில் ஈயமே கிடையாது, கிராஃபைட் என்கிற கரி.

இது எதுவும் இல்லாமல் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. நம் கடற்கரையில் வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கிறதே, அது. அதுதான் அசல் காரீயம். இந்த ஐந்து பேருக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டோம். நாலு பேர் சாது, ஒருவன் மட்டும் விஷம். ஊரில் யாரிடமாவது "ஈயம் உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிப் பாருங்கள். "எங்க ஆத்தா ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிச்சுத் தொண்ணூறு வயசு இருந்துச்சு சார்" என்று பதில் வரும். நானே பல முறை கேட்டிருக்கிறேன். ஆத்தா குடித்தது வேறு ஈயம் என்று விளக்குவதற்குள் பேச்சு மீன் விலைக்குப் போய்விடும்.

முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது இரண்டு பேர். ஒருவன் என் அக்கா மகன், அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறான். இன்னொருவர் என்னிடம் படித்து இப்போது பாக் நீரிணையில் நண்டு வலை போடுகிற தம்பி.

அக்கா மகனுக்கு அங்கே ஒரு பொழுதுபோக்கு. துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போகிறான். சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அதில் மறுபடி மருந்து அடைத்து, புதுக் குண்டு பொருத்தித் தோட்டா ஆக்குகிறான். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவாம். குண்டையும் தானே வார்க்கிறான். பழைய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுக்கிறான். அங்கே அது சட்டப்படி செய்கிற காரியம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் பாயும். யாரும் ஆசைப்பட வேண்டாம்.

அவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வார்த்த குண்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நம் ஊரில் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிக்கிறார்களே பவுடர் கோட்டிங், அந்தப் பவுடரை ஒரு ஸ்பூன் போட்டு, தாயக்கட்டை மாதிரி கடகடவென்று குலுக்குகிறான். குலுக்கக் குலுக்க நிலைமின்சாரம் உண்டாகிப் பவுடர் குண்டில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் 200 டிகிரி அளவில் இருபது நிமிடம். ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் குண்டு உருகாது, பவுடர் மட்டும் உருகிப் பளபளவென்று படிந்துவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஜவ்வுமிட்டாய்க் கடை மாதிரி இருந்தது.

"எதுக்குடா இந்த வேலை?" என்று போனில் கேட்டேன்.

"வெறும் ஈயத்தைச் சுட்டா குழாய்க்குள்ள ஈயம் அப்பிக்கும் மாமா. அப்புறம் சுரண்டி எடுக்கணும். முன்னெல்லாம் தேன்மெழுகும் கிரீஸும் தடவுவாங்க, அது புகையும். இது சுத்தம்."

"உனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அதுக்கு வேற ஏற்பாடு மாமா. உருக்கறது வெளியில, காத்தோட்டத்துல. அந்த ஓவன்ல சாப்பாடு வைக்கறதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல ஈயம் பார்த்துக்கறேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று பூச்சுப் பூசுகிறவனே வருடா வருடம் ரத்தம் சோதிக்கிறான். ஏனென்றால் அந்தப் பூச்சு துப்பாக்கிக் குழாயைக் காப்பாற்றுவதற்கு. அவனைக் காப்பாற்றுவதற்கு அல்ல.

குண்டு வார்ப்பது நம் சீமைக்கும் புதிதில்லை. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போனவர்கள் அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஆயுதங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி எல்லாம் முன்வாயில் மருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிப்பது. நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது கூட நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் கொக்கும் நாரையும் சுட வருவார்கள். அவர்கள் பையில் இருந்த 'ரவை' என்கிற பொடிக் குண்டும் ஈயம்தான். அந்தக் கறியைத் தின்றவர்களுக்குப் பல்லில் நறுக்கென்று கடிபட்டது ஞாபகம் இருக்கும்.

துப்பாக்கிகள் போய்விட்டன. ஈயம் வார்ப்பது மட்டும் நம் கடற்கரையில் நிற்கவில்லை. வலைக்காக வார்க்கிறோம்.

இந்த வீடியோவைத்தான் என் பழைய மாணவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தார். பார்த்தவர் உடனே கேட்டார்: "சார், இந்தப் பவுடரை நம்ம வலை ஈயத்துக்கும் அடிச்சா என்ன? வீட்ல புள்ளைக அதைத்தான் கையில எடுத்து விளாடுதுக. கோழிக்குஞ்சு மாதிரி வாயில வேற வைக்குதுக. பூசிட்டா தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

நல்ல கேள்வி. நாலு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பேரன் பேத்தி இருக்கிறது, மீதிப் பேர் வீட்டில் வலையும் இருக்கிறது.

முதலில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் வலை முடைவதும் அப்போதுதான். நாட்டுப்படகும் வத்தையும் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லையென்றாலும் ஊரே வலை வேலையில் இருக்கும்போது அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கிழிந்த வலையைப் பிரித்து ஈயத்தை எடுத்து வைப்பார்கள். போதாததற்குப் பழைய இரும்புக் கடையில் ஈயம் வாங்குவார்கள். சில இடங்களில் பழைய பேட்டரித் தகடு. வீட்டு முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, சீமைக்கருவேல விறகை வைத்து, பழைய இரும்புச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். வேறு எதற்கும் ஆகாத சட்டி என்று ஒன்று தனியாக இருந்தால் சரி. பல வீட்டில் அதே சட்டியில் மாட்டுக்குத் தவிடு கரைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அதே ஏப்ரல், மே மாதத்தில்தான் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் முழு நாளும் அந்த முற்றத்தில்.

உருகிய ஈயம் பார்க்க அழகு. வெள்ளி மாதிரி ஓடும். எந்தக் குழந்தைக்கும் கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றும். நம் விறகு அடுப்பில் வெப்பமானி கிடையாது. 327 டிகிரியில் நில் என்றால் நிற்காது. 500 டிகிரியைத் தாண்டினால் ஈய ஆவி கணிசமாகக் கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது. அதைவிட மோசமானது மேலே படியும் கசடு. கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டுவார்களே, சாம்பலும் மஞ்சளும் கலந்த தூள், அது ஈய ஆக்சைடு. உருண்டையாக இருக்கும் ஈயத்தைவிட உடம்பில் சுலபமாகச் சேரக்கூடியது இந்தத் தூள்தான். அதைத் தென்னை மூட்டில் கொட்டுவார்கள். கோழி கிளறும். காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். ராமேசுவரம் தீவில் காற்றடிக்காத நாள் எது?

உள்ளே போன ஈயம் என்ன செய்யும்? உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாந்துவிடும். கால்சியம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஈயம் போய் உட்காரும். பெரியவர்கள் வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதி வரை சேரும். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைகள் என்றால் இன்னும் கூட. வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை என்று வந்தால் நாம் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுப் போவோம். பல குழந்தைகளுக்கு அந்த அறிகுறியும் இருக்காது. படிப்பு ஏறாது, ஒரு இடத்தில் உட்காராது, அவ்வளவுதான். இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இளம் வயதில் உள்ளே போன ஈயம் எலும்பில் இருபது முப்பது வருடம் குடியிருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, அது மறுபடி ரத்தத்தில் இறங்கும். கர்ப்பிணிக்கு எலும்பிலிருந்து கிளம்பும் ஈயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். வலைக்கு ஈயம் கோப்பது பெரும்பாலும் யார் வேலை என்று உங்களுக்கே தெரியும்.

"இத்தனை காலமாகச் செய்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி வரும். அதற்குத்தான் செனகல் நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் டக்கார் நகரத்தை ஒட்டி தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடலோர ஊர். நம் ஊர் மாதிரியே மீன்பிடி ஊர். அங்கே கொல்லர்கள் பல வருடமாகப் பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்து வலைக்கு எடை வார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. ஈயத் தூள் மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே இருந்தது. பிறகு உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியது. அந்த மண்ணையே விலைக்கு வாங்க ஆள் வந்தது. ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டி, வீட்டில் கொண்டுவந்து சலித்து விற்றார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை ஐந்து மாதத்துக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோயின.

அதைப் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அந்தச் சாவுகள் மட்டுமில்லை. 'வலைக்கு எடை' என்ற வார்த்தை. நம் முற்றத்தில் நடப்பது அவ்வளவு பெரிய அளவில் இல்லைதான். ஆனால் வேலை ஒன்றே.

சரி, பூச்சுக்கு வருகிறேன். பூசினால் ஒரு நன்மை உண்டு, மறைக்கவில்லை. கையில் எடுத்தால் கறுப்பு ஒட்டாது. ஆனால் நம் வலை ஈயம் துப்பாக்கிக் குண்டு இல்லை. குண்டு ஒரே ஒரு தடவை ஓடும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. வலை ஈயத்தைக் கயிற்றில் வைத்து அமுக்கி நெரிக்க வேண்டும். நெரித்த இடத்தில் பூச்சு வெடிக்கும். தூண்டில்காரர்கள் சிலர் அதைப் பல்லால் கடித்தே நெரிக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து தயவுசெய்து நிறுத்துங்கள். பிறகு அது தினமும் மணலிலும் பாரிலும் தேய வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப் பார் மேல் ஒரு மாதம் உரசினால் எந்தப் பெயிண்டும் நிற்காது.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் அந்த வலை கிழியும். ஈயத்தைப் பிரித்து மறுபடி உருக்குவோம். அப்போது அந்தப் பவுடர், பிளாஸ்டிக் மாதிரிப் பொருள், சட்டியில் தீய்ந்து புகையும். ஈயப் புகை போதாதென்று பிளாஸ்டிக் புகையும் சேரும். அக்கா மகன் சுட்ட குண்டை மறுபடி உருக்கினால் அவனுக்கும் இதே கதைதான். ஆனால் அவனுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு வருடந்தோறும் வயிற்றுப்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து இருப்பது வார்த்த உருண்டையில் கொஞ்சம், வார்க்கிற இடத்தில் நிறைய. உருக்கி முடித்த பிறகு பூசுகிற பூச்சு, உருக்கும்போது பறந்ததை எப்படிப் பிடிக்கும்?

"அப்ப வலைக்கு எடை வேணாமா சார்?" என்று அந்தத் தம்பி கேட்டார். வேண்டும். கடலில் வலை நிற்க எடை வேண்டும். ஆனால் அது ஈயமாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம், ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

கடல் தண்ணீருக்குள் ஒரு கிலோ ஈயத்தின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு கிலோ இரும்பு 870 கிராம். கருங்கல் 610 கிராம் மாதிரி. சுட்ட மண் என்றால் ஏறக்குறைய பாதி. என் தாத்தா காலத்தில் வலையில் சுட்ட மண் உருண்டைதான். முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். கல்லும் மண்ணும் இந்தக் காலத்து நைலான் வலைக்குப் பருமனாக இருக்கும், கண்ணியில் சிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரும்பைப் பாருங்கள். ஈயத்துக்கும் இரும்புக்கும் தண்ணீருக்குள் வித்தியாசம் கிலோவுக்கு வெறும் 40 கிராம். ஒரு கிலோ ஈயம் செய்கிற வேலையை ஒரு கிலோ ஐம்பது கிராம் இரும்பு செய்துவிடும். பருமன் ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவே. இழுவை மடியில் அடிக்கயிற்றோடு இரும்புச் சங்கிலி கட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஈயத்தை விடமாட்டேன் என்கிறோம்? எடைக்காக இல்லை. ஈயம் நம் விறகு அடுப்புக்கு அடங்கும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், அது பட்டறையில்தான் நடக்கும். ஈயத்தை வீட்டில் உருக்கலாம், பழசையே மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், காசு மிச்சம். கத்தியால் வெட்டலாம், கையால் நெரிக்கலாம், துருப்பிடிக்காது. அந்தச் சிக்கனத்தை நான் கேலி செய்யவில்லை. கடன் வாங்கி வலை போட்டு, பாதி வலையைக் கடலில் தொலைத்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு கிலோ ஈயமும் சொத்துதான்.

இரும்புக்கு இருக்கிற ஒரே பெரிய குறை துரு. பூச்சு பூச வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. நாகமுலாம் பூசிய இரும்போ, பவுடர் கோட்டிங் அடித்த இரும்போ உப்புத் தண்ணீரில் நிரந்தரமாக நிற்காது, சரி. ஆனால் பூச்சு உரிந்தால் உள்ளே இருந்து வெளிவருவது துரு. நட்டம் கொஞ்சம் காசு. ஈயத்தின் பூச்சு உரிந்தால் வெளிவருவது ஈயம்.

மற்ற நாட்டுக்காரர்கள் இதை எப்போதோ யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் ஆற்றில் விட்ட பொடி ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் செத்தன. 1987இல் ஒரு அவுன்ஸ் வரையிலான தூண்டில் ஈயத்தை அங்கே தடுத்தார்கள். அமெரிக்காவில் 1991இலிருந்து வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது. கலிபோர்னியாவில் 2019இலிருந்து எந்த வேட்டைக்குமே ஈயக்குண்டு கூடாது, கழுகு இனம் ஒன்று அழிகிற நிலைக்குப் போனதால். சைப்ரஸ் தீவில் லார்னகா உப்பேரியில் பூநாரைகள் செத்தன, சேற்றில் கிடந்த ஈய ரவையைத் தின்று. தனுஷ்கோடிப் பக்கம் நம் பூநாரைகள் சேற்றை அலசி இரை எடுப்பதை நின்று பார்த்திருக்கிறீர்கள்தானே?

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி போட்டார்கள். சுவரில் அவ்வளவு கணக்குப் பார்க்கிற நாட்டில், முற்றத்தில் சட்டி சட்டியாய் உருக்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மீனவனுக்குத் தடை ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. நான் கேட்பது வேறு.

மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பழைய ஈயத்தை அங்கே கொடுத்தால் எடைக்கு எடை பூச்சுப் பூசிய இரும்பு எடை கொடுக்கட்டும். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, இரும்பு மலிவு. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்தால் சங்கத்துக்கு நட்டம் வராது என்றே நினைக்கிறேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நண்டு வலைக்கு எந்த வடிவத்தில் இரும்பு எடை வைத்தால் கண்ணியில் சிக்காது என்று நம் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சோதித்துச் சொல்லலாம். அதுவரைக்கும் ஈயம்தான் என்றால், உருக்குவதற்கு ஊருக்கு வெளியே, குடியிருப்புக்குக் காற்று வராத பக்கத்தில் ஒரு கொட்டகை போடலாம். ஐஸ் அடிக்கக் கொட்டகை இருக்கிறது, கருவாடு காயப் போடக் களம் இருக்கிறது. இதற்கு ஒன்று கூடாதா?

இந்த வருடம் எப்படியும் உருக்கத்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வயசானவன் சொல்வதில் இதையாவது கேளுங்கள். பேட்டரியை வீட்டில் உடைக்கவே உடைக்காதீர்கள். அதில் இருக்கும் களிமண் மாதிரிப் பொருள்தான் இருப்பதிலேயே கெட்டது. வலையிலிருந்து பிரித்த ஈயத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே சட்டியில் போடுங்கள். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் நீராவியாகி வெடித்து முகத்தில் அடிக்கும். கண் போய்விடும். கரைத்து முடித்த சட்டியும் கரண்டியும் சமையலுக்கோ மாட்டுக்கோ திரும்பக் கூடாது. புளிக்குழம்பு பட்டால் ஈயம் கரைந்து இறங்கும். கசடைக் கொட்டாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வைத்து, ஈயம் வாங்குகிற கடைக்கே கொடுத்துவிடுங்கள். அன்று போட்ட சட்டையோடு பேரனைத் தூக்காதீர்கள். குளித்துவிட்டுத் தூக்குங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அவர்கள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும்போது முற்றத்தைக் கூட்டாதீர்கள், தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து மேல்மண்ணை வழித்துவிடுங்கள்.

ஈயச்சொம்பு விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. கலப்படம் செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சொம்பு வாங்கினால் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் சந்தேகப்படுங்கள். சுத்தமான வெள்ளீயத் துண்டை வளைத்தால் கிறீச் என்று ஒரு சத்தம் போடும். காரீயம் ஊமை, வளைந்து கொடுக்கும், சத்தம் வராது.

அந்தத் தம்பி இப்போது தன் நண்டு வலையில் ஒரு துண்டுக்கு மட்டும் ஈயத்தை எடுத்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கிய நாகமுலாம் பூசிய நட்டுகளைக் கோத்திருக்கிறார். ஓரம் கூர்மையாக இருந்து கண்ணியை அறுக்கிறது என்று குறை சொன்னார். அரம் வைத்து ஓரத்தை மழுக்கிவிட்டு, கிரில் பட்டறையில் பவுடர் கோட்டிங் அடித்து மறுபடி போடப் போகிறாராம். மீதி வலையில் ஈயம்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே கடலில், ஒரே நாள் இறங்குகின்றன. எந்தத் துண்டில் நண்டு குறைகிறது என்று தினமும் தனியாக எண்ணி எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் மகள் ஏழாம் வகுப்பு, நோட்டுப் போட்டு எழுதுகிறாள்.